மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

நேற்றுவரை ஓடிய கைரேகை ஸ்கேனரோ பழைய பிரிண்டரோ திடீரென நின்றுபோய், 'இந்தச் சாதனத்தில் டிரைவர் லோடு ஆகவில்லை' என்று விண்டோஸ் சொல்கிறதா? வேலூரில் எந்தக் கடையில் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க சார்." ஆஃப் செய்தால் பல நேரம் சாதனம் ஓடிவிடும். ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும்.

அந்த செட்டிங்கின் பெயர் மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உண்டு. டிரைவர் என்பது சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்; பல டிரைவர்கள் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. அதில் ஓட்டை இருந்தால் வைரஸுக்கு மொத்தக் கணினியும் திறந்துவிடும். அதனால் பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் (ஒரே கணினிக்குள் தனிக் கணினி போல ஒரு பகுதியைப் பிரிக்கும்) வசதியைக் கொண்டு, தனியாக ஒதுக்கிய இடத்தில் டிரைவரைச் சரிபார்த்த பிறகுதான் விண்டோஸ் ஓடவிடுகிறது. இந்த விதிக்கு ஒத்துவராத பழைய டிரைவர்கள் தடுக்கப்படுகின்றன.

ஐடா ஸ்கடர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களின் பென் டிரைவ், ஆதார், மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் உங்கள் கணினி வழியாகத்தான் போகின்றன.

சரி, செய்முறைக்கு வருவோம்.

1. ஸ்டார்ட் மெனுவில் 'கோர் ஐசொலேஷன்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறங்கள். மெமரி இன்டெக்ரிட்டி அங்கே இருக்கும்.

2. அது ஆஃபில் இருந்து, ஆன் செய்ய மறுத்தால், ஒத்துவராத டிரைவர்களைப் பார்க்க ஒரு இணைப்பு தோன்றும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்துங்கள். நிறுவனம், தேதி, பதிப்பு, கூடவே 'ஓஇஎம்' என்று தொடங்கி ஒரு எண்ணோடு வரும் கோப்புப் பெயரும் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான்காம் படிக்குத் தேவைப்படும்.

எப்போதோ செருகிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கின் டிரைவர் பட்டியலில் நிற்பது சகஜம். டிஸ்க் கையைவிட்டுப் போயிருக்கும், டிரைவர் மட்டும் தங்கியிருக்கும்.

3. சாதனம் இப்போதும் தேவையென்றால் முதலில் அப்டேட் தேடுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ், அப்புறம் தயாரிப்பாளரின் சொந்தத் தளம். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் எதையும் இறக்காதீர்கள்.

4. தேவையில்லாத டிரைவர் என்றால் நீக்கிவிடலாம். அதற்கு முன், தவறு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குவது கட்டாயம். பிறகு, விண்டோஸ் 11 என்றால், டிவைஸ் மேனேஜரில் வியூ மெனு, அதில் 'டிவைசஸ் பை டிரைவர்'. குறித்துவைத்த ஓஇஎம் எண்ணைத் தேடி, ரைட் கிளிக் செய்து ரிமூவ் கொடுங்கள். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். அடுத்த வரியில் இருப்பது உங்கள் வைஃபை டிரைவராக இருக்கலாம்.

5. மெமரி இன்டெக்ரிட்டியை ஆன் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சாதனமும் வேண்டும், புது டிரைவரும் கிடைக்கவில்லை என்ற நிலை வரலாம். அப்போது அந்தச் சாதனத்தை இணையம் இல்லாத வேறொரு கணினிக்கு மாற்றுவதே என் பரிந்துரை. இருப்பது ஒரே கணினி என்றால், வேலை முடியும்வரை மட்டும் ஆஃப் செய்துவிட்டு, முடிந்ததும் ஆன் செய்யுங்கள். இரண்டு முறையும் ரீஸ்டார்ட் தேவைப்படும்.