கேம் நடுவில் லப்டொப் ஸ்டக் ஆகிறதா? முதலில் சூட்டைப் பாருங்கள்

கச்சான் என்ற வெப்பக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு கல்லடியில் என் திருத்த மேசைக்கு ஒரே முறைப்பாடுதான் வரும். "அண்ணா, தொடங்கக்குள்ள நல்லா ஓடுது, கொஞ்ச நேரத்தால ஸ்டக் ஆகுது." கூடவே விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ரெம் நினைவகத்தைக் கூட்டச் சொல்வார்கள். தயவுசெய்து அதற்குக் காசு செலவழிக்க முதல் சூட்டைப் பாருங்கள். நன்றாக ஓடிவிட்டுப் பிறகு சோர்ந்தால் அநேகமாகச் சூடுதான் காரணம்.

எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற, வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு இருபது நிமிடம் விளையாடுங்கள். பெரும்பாலான லப்டொப் ப்ராசசர்கள் 95 முதல் 105 பாகை செல்சியஸுக்குள் வந்ததும், கருகிப் போகாமல் இருக்கத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பநிலை அந்த அளவைத் தொடும்போது ப்ராசசரின் கடிகார வேகமும் (clock speed) விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

எங்கள் ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஈரமும் உப்பும் கலந்த காற்றில் தூசி சும்மா படியாது, ஒட்டிக்கொள்ளும். அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் இதழ்கள் ஓரளவு சுத்தமாகவே தெரியும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபேனைத் தூக்கி, அது காற்றை ஊதித் தள்ளும் செப்புத் தகடுகளின் உள்வாயைப் பாருங்கள். அங்கே கம்பளித் துண்டு போல ஒரு சாம்பல் படை முழு வாயையும் அடைத்து நிற்கும். வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது. சிறிய இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் பல நேரம் முழுசாகவே கழன்று வரும். மிச்சத்தை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை பற்றரி வயரைக் கழற்றுவது. ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். டயர் கடைக் கொம்பிரசருக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், அந்தக் காற்றில் தண்ணீர் வரும்.

தூசி எடுத்தும் சூடு இறங்கவில்லை என்றால் ப்ராசசருக்கும் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசியிருக்கும் தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதை மாற்றிப் பூசிவிட்டு மூடும்போது, ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் இலக்கம் போட்டிருந்தால் அதே வரிசையில் இறுக்குங்கள். உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளக்கும் திரவம் தெரிந்தால் தொடாதீர்கள். அது திரவ உலோகம், மின்சாரம் கடத்தும், போர்டில் சிந்தினால் போர்டே போய்விடும்.

மூடியைக் கழற்றப் பயமா? சரி, பவர் செட்டிங்கில் ப்ராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்குங்கள். பல மெஷின்களில் டர்போ எனும் கூடுதல் வேகம் நின்று சூடு சட்டென்று இறங்கும். கேமின் எஃப்பிஎஸ்ஸை, அதாவது ஒரு செக்கனுக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கையை, 60இல் கட்டுங்கள். மெத்தையில் வைத்து விளையாடாதீர்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

சூடு 75 பாகையில் நின்றும் தொடக்கத்திலிருந்தே இழுத்தால் கதை வேறு. சார்ஜர் அந்த மெஷினுக்குரிய வாட் உள்ளதுதானா, கேம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா, ரெம் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள்.

டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி பிதுங்கியோ இருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது. விளையாட்டை அந்த நிமிடமே நிறுத்திச் சார்ஜரைக் கழற்றுங்கள். அமத்திப் பார்க்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.