ஒரே சீனப் பெயர், பல பிரபலங்கள்: யார் யாரென்று கண்டுபிடிப்பது எப்படி?

லி நா என்று தேடினால் 2011 பிரெஞ்சு ஓப்பனை வென்ற டென்னிஸ் வீராங்கனைதான் முதலில் வருவார், ஆனால் சிட்னி 2000 ஒலிம்பிக்கில் டைவிங்கில் தங்கம் வாங்கியதும் ஒரு லி நாதான். இரண்டு பேருக்கும் சீன எழுத்துகூட ஒன்றேதான், அதனால் பிறந்த வருடத்தைப் பாருங்கள்: முன்னவர் 1982, பின்னவர் 1984.

எழுத்தை முதலில் பார்ப்பதுதான் நல்லது, ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். வாங் ஹாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004, 2008, 2012 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் ஒற்றையர் வெள்ளியோடு திரும்பிய டேபிள் டென்னிஸ்காரர் (பாவம்!) ஒருவர், செஸ் கிராண்ட்மாஸ்டர் ஒருவர், இவர்கள் எழுத்தும் ஒன்று. நடைப்போட்டி வாங் ஹாவுக்கோ பெயரில் வேறு எழுத்து, லண்டனில் தங்கம் வென்ற டைவிங் வாங் ஹாவுக்குக் குடும்பப்பெயரே வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போது சீன எழுத்தும் ஒலிக்குறியும் (உச்சரிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி) போய்விடுவதால் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

அப்புறம், குடும்பப்பெயர் முன்னால் வரும். மேற்கத்தியப் பட்டியல்களில் நா லி என்று திருப்பிப் போட்டிருப்பார்கள், இரண்டு விதமாகவும் தேடுங்கள். எழுத்தும் வருடமும் பிடிபடவில்லையென்றால் பெயரோடு துறையையும் சேர்த்துத் தேடுங்கள், போதும்.