மாடித்தோட்டத்துக்கு விதை வாங்கப் போகிறீர்களா? யாரிடம், என்ன கேட்டு வாங்குவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒருமுறை அவசரமாகக் கடைக்கு ஓடி, 'நாட்டுத் தக்காளி' என்று எழுதியிருந்த பாக்கெட்டை வாங்கி வந்தேன். காய்ப்பு அருமையாக இருந்தது. நன்கு பழுத்த இரண்டு பழங்களில் விதையெடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, மறு வருடம் விதைத்தேன். ஒரு செடியில் உருண்டைக் காய், இன்னொன்றில் நீளக் காய், மூன்றாவது செடி பூத்ததோடு சரி. நான் வாங்கியது வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதை என்பது அப்போதுதான் புரிந்தது. பாக்கெட்டின் விலை சொற்பம்தான். ஒரு பட்டம், அதாவது ஒரு சாகுபடிப் பருவம் முழுக்கப் பார்த்த வேலை வீணானதுதான் இன்றும் வலிக்கிறது. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அது நேரக்கூடாது.

படி 1: விதை எடுப்பீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் கிடைப்பவை மூன்று வகை. தலைமுறையாக உழவர்கள் எடுத்து வைத்து வரும் நாட்டு ரகங்கள். ஆராய்ச்சி நிலையங்கள் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகங்கள். இரண்டு ரகங்களுக்கிடையே மகரந்தம் சேர்த்து உருவாக்கிய வீரிய ஒட்டு, அதாவது பாக்கெட்டில் எஃப்-1 என்று போட்டிருக்கும் முதல் தலைமுறைக் கலப்பு விதை. முதல் இரண்டிலும் விதையெடுத்து மறுபடி விதைக்கலாம். மூன்றாவதில் எடுத்தால் குணம் பிரிந்து போகும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஆராய்ச்சி நிலைய ரகம் என்றாலே ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்-1 முருங்கை விதையில் முளைத்து அதே ஆண்டில் காய்ப்பது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்டது. அதில் நீங்கள் விதையும் எடுக்கலாம். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு இது, நமக்கானது. வீரிய ஒட்டு வாங்குவதும் குற்றமில்லை. அதை நாட்டு விதை என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

'மரபணு மாற்றம் செய்யப்படாதது' என்று தக்காளி, வெண்டை விதைப் பாக்கெட்டில் அச்சடித்துக் கூடுதல் விலை கேட்டால் மயங்காதீர்கள். மரபணு மாற்றிய காய்கறி எதையும் பயிரிட இந்தியாவில் அனுமதி இல்லை, பி.டி. கத்தரியும் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. எல்லா விதைக்கும் பொருந்துவதை ஒரு விதையின் பெருமையாகச் சொல்கிறார்கள்.

படி 2: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கப் படத்தை விட்டுவிடுங்கள். ரகத்தின் பெயர், முளைப்புத் திறன் (நூறு விதையில் எத்தனை முளைக்கும் என்பது), சோதனை செய்த தேதி, காலாவதித் தேதி, விற்பவரின் முகவரி ஆகிய ஐந்தும் பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நீல அட்டை இருந்தால் சான்று பெற்ற விதை. பச்சை அட்டை இருந்தால் உண்மைநிலை விதை, அதாவது உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்பது. தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 முளைப்புத் திறன் வேண்டும் என்பது அரசின் அளவுகோல். விதை இளஞ்சிவப்பாகவோ வேறு பளிச்சென்ற நிறத்திலோ இருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கிறார்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

படி 3: விதை காப்பவரிடம் பேசி வாங்குங்கள்

நாட்டு ரகங்களைத் தாங்களே விளைவித்து விதையெடுத்து வைத்து வருபவர்கள்தான் விதை காப்பவர்கள். என் முதல் தேர்வு எப்போதும் இவர்கள்தான். ஆடிக்கு முன்பு பல ஊர்களில் நடக்கும் விதைத் திருவிழாக்களில் சந்திக்கலாம். காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தருவார்கள், அட்டை இருக்காது. அதனால் சந்தேகப்பட வேண்டாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், தான் விளைவித்த விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது; இந்தச் சட்டத்தில் பதிவாகிப் பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே தடை.

அட்டை இல்லாத இடத்தில் உங்கள் கேள்விதான் அட்டை. எந்த ஊர் ரகம், எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள், போன பட்டத்தில் எடுத்ததா என்று கேளுங்கள். சுரை, பூசணி, பீர்க்கு என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: "பக்கத்தில் வேறு ரகம் இருந்ததா? பூவைக் கட்டி வைத்தீர்களா?" இந்தக் கொடிகளில் பூச்சி ஒரு ரகத்தின் மகரந்தத்தை அடுத்ததற்குக் கொண்டுபோய்விடும். அதைத் தடுக்க, பூசணியில் மறுநாள் மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே கட்டிவைத்து, காலையில் கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டுவார்கள். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை என்பதால், மலரும் முன்பே கட்டிவைத்து மாலையில் மகரந்தம் சேர்ப்பார்கள். உண்மையில் விதை காப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் மலர்ந்து பேசுவார். வாங்கி விற்பவர் தடுமாறுவார்.

தயவுசெய்து இவர்களிடம் பேரம் பேசாதீர்கள். விதைக்கு விட்ட வெண்டைக்காய் செடியிலேயே முற்றிக் காய வேண்டும். அந்தச் செடியின் மற்ற காய்ப்பும் அதனால் குறையும். சந்தைக்குப் போயிருக்க வேண்டிய காய்தான் உங்கள் கையில் பொட்டலமாக இருக்கிறது.

படி 4: வெளிநாட்டு விதையைத் தவிர்த்துவிடுங்கள்

நீல நிறத் தக்காளி, வானவில் மக்காச்சோளம் என்று இணையத்தில் ஆசை காட்டுவார்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதை இறக்குமதி செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. புதிய நோய் நுழைய ஒரு பொட்டலம் போதும். 2020-இல் பல நாடுகளில் யாரும் கேட்காத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்து சேர்ந்தபோது இந்திய அரசும் எச்சரிக்கை விடுத்தது. அப்படி எதுவும் வந்தால் விதைக்கவோ குப்பையில் வீசவோ கூடாது. வேளாண் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

படி 5: கொஞ்சமாக வாங்கி, முளைக்கவிட்டுப் பாருங்கள்

நான்கு தொட்டிக்குப் பத்து விதை போதும் என்பதால் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். சோதிக்கப் பத்து விதை கூடுதலாக எடுத்து, ஈரத்துணியில் மடித்து நிழலில் வையுங்கள். வெண்டை ஐந்தாறு நாளில் தெரியும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரண்டு வாரம் பொறுங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் விற்றவரிடம் அவசியம் சொல்லுங்கள். நல்லவர் மாற்றித் தருவார், அடுத்த முறை கவனிப்பார்.

படி 6: திருப்பிக் கொடுங்கள்

பாரம்பரிய நெல்லை மீட்டெடுத்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் உழவர்களுக்கு 2 கிலோ விதை நெல் கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். அவர் 2018-இல் மறைந்தார். அவர் பரப்பிய ரகங்கள் வயல்களில் விளைகின்றன.

நம் மாடிக்கும் அது பொருந்தும். தக்காளியிலும் அவரையிலும் தொடங்குங்கள். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, கலப்பு குறைவு. திடமான செடியின் இரண்டாம், மூன்றாம் பறிப்புக் காயை விதைக்கு விடுங்கள். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து, ரகம், எடுத்த மாதம், யாரிடம் வாங்கியது என்று மேலே எழுதுங்கள். பாதியை வைத்துக்கொண்டு, மீதியை அடுத்த திருவிழாவில் உங்களுக்கு விதை கொடுத்தவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.