மலேரியா கணக்கில் சறுக்கும் இடங்கள்

1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தவர் ரொனால்ட் ராஸ். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே கொண்டுவந்தாலே நோய் அற்றுப்போகும் என்று பின்னாளில் கணக்குப் போட்டுக் காட்டியவரும் அவர்தான். மலேரியா எப்படிப் பரவும் என்று கணிக்கும் கணித மாதிரிகளைப் போடும்போது, அதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு கொசுவின் எண்ணிக்கையை மட்டுமே பார்ப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

எண்ணிக்கையைவிடக் கொசுவின் ஆயுள் முக்கியம். குடித்த ரத்தத்தோடு உள்ளே போன ஒட்டுண்ணி வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர ஏறத்தாழ 10 நாள் ஆகும். அதற்குள் செத்துவிட்ட கொசுவால் யாருக்கும் நோய் வராது. ஒரு நாளைக் கடந்து பிழைக்கும் வாய்ப்பு 0.9 என்றால், 100 கொசுவில் 35 அந்த 10 நாளைத் தாண்டும். 0.8 என்றால் 11தான். தாண்டியவற்றுக்கும் மிச்ச ஆயுள் சராசரியாக ஒன்பதரை நாளிலிருந்து நாலரை நாளாகச் சுருங்கிவிடும். இரண்டும் சேர்ந்து, நோய் பரப்பும் திறனை ஏழில் ஒரு பங்காக்கிவிடுகின்றன. எண்ணிக்கையைப் பாதியாக்கினாலோ திறனும் பாதியாகும், அவ்வளவே. 1950-களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் அழுத்திச் சொன்னது இதைத்தான். வீட்டுச் சுவரில் அடிக்கும் கொசு மருந்து, அங்கே வந்து உட்காரும் கொசுவின் ஆயுளைக் குறைக்கிறது; அதற்கு இவ்வளவு பலன் இருப்பதும் இதனால்தான்.

ஆனால் சுவரில் வந்து உட்காராத கொசுவை என்ன செய்வது? நைஜீரியாவின் கார்க்கி பகுதியில் 1969 முதல் 1976 வரை உலக சுகாதார நிறுவனமும் அந்நாட்டு அரசும் ஆய்வு நடத்தின. வீடுகளில் மருந்தடித்தார்கள், மக்களுக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். தொற்று வெகுவாகக் குறைந்தும் பரவல் அறுபடவில்லை. அங்கே பரவல் வேகம் அவ்வளவு அதிகம், கொசுக்களில் ஒரு பகுதி வீட்டுக்கு வெளியே தங்கியது. எல்லாக் கொசுவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று வைத்துப் போட்ட கணக்கு இப்படித்தான் காலை வாரிவிடும்.

மருத்துவமனைப் பதிவை அப்படியே தொற்றின் அளவாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். விவாக்ஸ் என்ற வகை மலேரியா ஒட்டுண்ணி நோயாளியின் கல்லீரலில் பதுங்கிப் பல மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதைப் புதுத் தொற்று என்று எண்ணினால், மருந்தடிப்பு பலிக்கவில்லை என்ற பொய்யான முடிவுக்கு வந்துவிடுவோம்.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொன்று. ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் பரவுகிறது என்ற எண் 1-க்குக் கீழே வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. அது மருந்தடித்துக்கொண்டிருக்கும்போது கிடைத்த எண். நிறுத்தினால் பழையபடி ஏறும். இலங்கையில் 1963-இல் பதிவானது வெறும் 17 பேர். மருந்தடிப்பைக் கைவிட்டார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 69-இல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆகவே எந்தக் கணித மாதிரியிடமும் 'நிறுத்தினால் என்ன ஆகும்?' என்று தனியாக ஒருமுறை கேட்டே தீர வேண்டும். 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற பிறகும், வெளிநாட்டிலிருந்து வந்துசேரும் தொற்றை இலங்கை தேடிக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.