பழைய கல்லூரி வளாகத்தை இடிக்காமல் புதுப்பிப்பது எப்படி?

சென்னையின் பழைய கல்லூரிகள் பலவற்றில் இரண்டு காலத்துக் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கும்: சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய பிளாக், 1960-80களில் கட்டிய கான்கிரீட் பிளாக். வயதை மட்டும் பார்த்து முதலாவதை இடிக்கக் கிளம்பாதீர்கள். முதலில் சோதிக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

தூண், சன்ஷேடு, கழிப்பறைக்குக் கீழுள்ள ஸ்லாப் ஆகிய இடங்களில் சிறிது கொத்தி, புதிதாகத் தெரியும் பரப்பில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை இருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் துருவைத் தடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. கடற்கரைப் பகுதிகளில் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. உப்பு ஏறிய கான்கிரீட் இளஞ்சிவப்பாகவே காட்டும், உள்ளே கம்பி அரித்துக்கொண்டிருக்கும். குளோரைடு அளவையும் ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். துரு கண்ட இடத்தில் மேல்பூச்சு வீண். முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பியின் பின்புறமும் 2 செ.மீ. அளவுக்குக் கொத்தி, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டிய பிறகே புதுக்கலவை.

பழைய பிளாக்கின் உயிர் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் அதன் மேல்தளத்தில் இருக்கிறது. தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் மூலைவாட்டமாக நிறுத்தி அடுக்கிய சிறு செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், உச்சியில் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). ஒழுகுகிறது என்று இதன் மேல் சிமெண்ட் கான்கிரீட் கொட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பெருந்தவறு. பாரமும் ஏறும்; ஈரம் ஆவியாக வழியில்லாமல், சுவருக்குள் புதைந்த உத்திர முனைகள் மக்கும். ஒவ்வொரு முனையையும் சுத்தியலால் தட்டுங்கள். பொத்தென்று ஒலித்து, ஸ்க்ரூடிரைவரும் உள்ளே இறங்கினால் அந்த உத்திரத்தை மாற்றியே ஆக வேண்டும். பிறகு 7.5 செ.மீ. ஜல்லிக் கலவை பரப்பி, கடுக்காய்-வெல்ல நீர் தெளித்து, இறுகும்வரை கட்டையால் அடித்து, 60-க்கு 1 வாட்டம் விட்டுத் தட்டோடு பதியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். ஃபால்ஸ் சீலிங் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒழுகலும் கரையானும் கண்ணில் படாமல் போய்விடும்.

அடிச்சுவரில் ஏறும் ஓதத்துக்கு (ஈரத்துக்கு) காரணம் பல இடங்களில் வெளியேதான். பேவர் பிளாக் மேல் பேவர் பிளாக் போட்டுத் தரைமட்டம் ஏறியிருக்கும். உள்தரையைவிட 15 செ.மீ.யாவது தாழும்படி வெட்டி எடுங்கள். சிமெண்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்பே பூசுங்கள். சிமெண்ட்டை விட்டுவைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறும்.

சாய்தளத்துக்கு 12-க்கு 1 சரிவு. பீடம் (வெளித்தரையிலிருந்து உள்தரை வரை உள்ள உயரம்) 90 செ.மீ. என்றால் சரிவின் நீளம் மட்டும் 10.8 மீட்டர், நடுவிலும் இரு முனைகளிலும் 1.5 மீட்டர் சமதளம் விடுங்கள். வாசலில் இடம் போதாவிட்டால் வராந்தாவை ஒட்டித் திருப்பிக் கொண்டுபோகலாம். செங்குத்தான குறுக்குவழி கட்டிவிட்டால் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் யாரையாவது தள்ளச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

லிஃப்ட்டுக்காகப் பழைய வளைவுகளை உடைக்காதீர்கள். பின்புறம் தனி அஸ்திவாரத்தில் இரும்புச் சட்டகம் நிறுத்தி, வராந்தாவோடு சிறு பாலத்தால் இணையுங்கள். லிஃப்ட் குழியைப் பழைய சுவரை ஒட்டித் தோண்டினால், ஆழம் குறைந்த அதன் அஸ்திவாரத்தின் அடிமண் சரியும். பழைய கட்டடமும் புதுச் சட்டகமும் ஒரே அளவில் மண்ணில் அமுங்காது என்பதால், பாலம் சுவரைச் சந்திக்கும் இடத்தில் 25 மி.மீ. இடைவெளி விட்டு, மேலே நகரும் தகடு போடுங்கள்.