இணையவழிப் பிரெஞ்சு: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகங்கள் இணையத்தில் தரும் தொடக்கநிலைப் பிரெஞ்சுப் பாடங்களில் பல ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித் தருகின்றன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘எலிமென்டரி பிரெஞ்சு’ பாடமும் அப்படித்தான். வீடியோ உரையாடல், பயிற்சி, உடனுக்குடன் திருத்தம் என்று அக்கறையோடு அமைத்திருக்கிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட பாடங்களை எழுதுபவர்கள் மனத்தில் இருக்கும் மாணவருக்கு ஆங்கிலமே தாய்மொழி. அவருக்கு எது சிரமமோ அதைப் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். நமக்குச் சிரமமானவை வேறு, கைவந்தவை வேறு. நான் படிக்கத் தொடங்கியபோது தமிழை ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பிறகு பிரெஞ்சுக்குக் கொண்டுபோனேன். மூன்று மாதம் வீணானது அதனால்தான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் உச்சரிப்பு. ஆரம்பத்தில் படியும் பழக்கம் பிறகு லேசில் திருந்தாது. பள்ளியில் ‘டேபிள்’, ‘டீ’, ‘டொமேட்டோ’ என்று பழகிய நாக்கு, அதே எழுத்தைப் பிரெஞ்சில் பார்த்ததும் மேலண்ணத்துக்குப் போய்விடுகிறது. பிரெஞ்சில் அது பல்லைத் தொடும் தகரம், ‘தம்பி’யில் வரும் த. மேசை ‘தாப்ல்’, தேநீர் ‘தே’, தக்காளி ‘தொமாத்’. அதன் இணையான மெல்லிய ஒலி ‘பந்து’ என்பதில் வரும் து. ஆங்கிலேயர்களுக்கு இதைச் சொல்லிப் பழக்க வேண்டும். நமக்கோ பிறந்ததிலிருந்து வாயில் இருக்கும் ஒலி. அதை விட்டுவிட்டு டகரத்தைப் போட்டால் கேட்பவருக்கு முதல் சொல்லிலேயே ஆங்கில வாடை அடிக்கும்.

மூக்கொலி உயிர்களும் அப்படித்தான். ‘மரம்’ என்று வீட்டில் பேசும்போது கடைசியில் உதடுகள் மூடுகின்றனவா என்று கவனியுங்கள். மூடுவதில்லை, உயிரொலியே மூக்கு வழியாக வந்து நின்றுவிடுகிறது. ‘வந்தான்’, ‘போறேன்’ எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. ‘நல்ல’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முடிவு ஏறக்குறைய நம் பேச்சு ‘மரம்’ முடிகிற மாதிரியே முடியும். எழுத்தில் னகரத்துக்குரிய எழுத்தைக் கண்டு ‘போன்’ என்று நாக்கை அழுத்த வேண்டியதில்லை.

நமக்கு உண்மையிலேயே புதியது ஈகாரமும் ஊகாரமும் கலந்த ஒலி. வாய்க்குள் ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். நம் குற்றியலுகரத்தில் உதடு குவிவதே இல்லை என்பதால் இது நமக்கு நேர் எதிரான பயிற்சி. சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ‘மேலே’ என்பதற்கும் ‘கீழே’ என்பதற்கும் பிரெஞ்சில் உள்ள இரண்டு சொற்களை இந்த ஓர் ஒலிதான் பிரிக்கிறது: முன்னது ‘தெஸ்யு’, பின்னது ‘தெஸு’.

பிரெஞ்சுச் சொற்களை நோட்டில் தமிழில் எழுதி வைத்துப் படிப்பது பலர் செய்யும் இன்னொரு பிழை. இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் நான் எழுதுகிறேன். உங்கள் நோட்டில் வேண்டாம். ரொட்டியும் குளியலும் தமிழ் எழுத்தில் ஒரே ‘பேன்’ ஆகிவிடும். மீனுக்கும் நஞ்சுக்கும் உள்ள சொற்கள் இரண்டும் ‘புவாஸோன்’ ஆகிவிடும். நம் ஸகரத்தால் அந்த இரண்டு ஒலிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. காதால் கேட்டு, பிரெஞ்சு எழுத்தைப் பார்த்து, இரண்டையும் நேரடியாக முடிச்சுப் போடுங்கள். சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது என்பதும், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அது சில இடங்களில் உயிர்பெறும் என்பதும் அப்படித்தான் படியும். ‘லே’யும் ‘ஆமி’யும் சேர்ந்தால் ‘லேஸாமி’, அதாவது நண்பர்கள். புணர்ச்சி விதி படித்து வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது.

வாக்கியத்துக்கு வருவோம். ‘எனக்கு 20 வயது’ என்று நாம் சொல்கிறோம். ஆங்கிலம் ‘நான் 20’ என்கிறது. பிரெஞ்சு ‘எனக்கு 20 ஆண்டுகள் இருக்கின்றன’ என்ற பாங்கில் ‘ஜெ வேன்தான்’ என்கிறது. பசியும் தாகமும் இப்படியே: என்னிடம் இருக்கின்றன, நான் அவையாக இல்லை. ஆங்கிலம் வழியாக வருபவர் ‘ஜு ஸ்வி’ என்று ‘நான் இருக்கிறேன்’ போட்டுத் தொடங்கித் தடுமாறுவார். தமிழிலிருந்து வந்தால் அந்தப் பள்ளமே இல்லை. ‘பேசுகிறேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வடிவம் உண்டு. பிரெஞ்சில் நம்மைப் போலவே ஒன்றுதான்: ‘ஜு பார்ல்’. நீ, நீங்கள் வேறுபாட்டை ஆங்கிலப் பாடம் ஒரு முழுப் பகுதியில் விளக்கும். பலருக்கும் மரியாதைக்கும் ஒரே ‘வூ’ என்ற ஒரு வரி நமக்குப் போதும். அதுதான் நம் ‘நீங்கள்’. எங்கே எதைப் பயன்படுத்துவது என்பதில் மட்டும் பிரெஞ்சுக்காரர் வழக்கைக் கேட்டுப் பழக வேண்டும்.

ஆங்கிலச் சாயல் உள்ள சொற்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ‘லிப்ரெரி’ புத்தகக் கடை. நூலகம் ‘பிப்லியோதெக்’.

தமிழ் துணைக்கு வராத இடம் பால் பகுப்பு. மனிதர்களுக்குத்தான் ஆண்பால், பெண்பால். மற்றவை அஃறிணை என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். இதில் காரணம் தேடிக் களைத்துப் போகாதீர்கள். மீசையும் தாடியும் பெண்பால்தான். ‘ஆள்’ என்ற சொல்லும் பெண்பால்தான், குறிப்பது ஆணாக இருந்தாலும். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதே பிழை. அதன் முன்னால் வரும் ‘ஒரு’, ‘அந்த’ போன்ற முன்னொட்டோடு சேர்த்து ஒரே சொல்லாக விழுங்க வேண்டும். அதிலும் ‘அந்த’ என்ற பொருளுள்ள முன்னொட்டை விட ‘ஒரு’ என்பதைச் சேர்ப்பது நல்லது. உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘அந்த’ சுருங்கி, பாலை மறைத்துவிடும். ‘யூன் எகோல்’ என்று படித்தால் பள்ளி பெண்பால் என்பது காதிலேயே நின்றுவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ‘ஸா மேர்’ என்றால் அவனுடைய அம்மாவா, அவளுடைய அம்மாவா? இரண்டும்தான். உடைமைச் சொல் உடையவரைப் பார்ப்பதில்லை, உடைமையைப் பார்க்கிறது. அம்மா பெண்பால் என்பதால் ‘ஸா’. நம் ‘தன் அம்மா’வை நினைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

எண்களில் 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நான்கு இருபது, 97 என்பது நான்கு இருபதும் பதினேழும். கணக்குப் போட்டுப் பேசாமல் ஒலியாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள். தொண்ணூறு என்பதில் நூறு எப்படி வந்தது என்று நாமும் யோசித்துச் சொல்வதில்லையே.

இனி, பாடத்தை நடத்திச் செல்லும் விதம். நிலை பார்க்காமல் சேர்வது அடிக்கடி நடக்கிறது. பிரான்ஸின் எகோல் பொலிதெக்னிக் கல்லூரி கோர்செரா இணையதளத்தில் தரும் பாடத்தில் தொடக்கநிலையினர் சேர்கிறார்கள். அது பி1, பி2 எனப்படும் இடைநிலைக்கானது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட ஆறு படி அளவுகோலில் உங்கள் படி ஏ1. அதற்கு 60 முதல் 100 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஞாயிறு ஒருநாள் ஐந்து மணி நேரம் உட்கார்வதை விடத் தினம் 40 நிமிடம் மேல்.

வீடியோவை முதல் தடவையே எழுத்துடன் பார்க்காதீர்கள். கண் படித்துக்கொண்டிருக்கும்போது காது வேலை செய்யாது. எழுத்தில்லாமல் இரண்டு தடவை, பிறகு எழுத்துடன், பிறகு மறுபடி எழுத்தில்லாமல். எழுத்தின் மேல் வரும் சிறு குறிகளை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்யாதீர்கள். புள்ளி போனால் ‘பல்’ ‘பல’ ஆவது போலத்தான் அங்கேயும். ‘அல்லது’ என்பதையும் ‘எங்கே’ என்பதையும் பிரிப்பது அப்படி ஒரு குறி மட்டுமே. போனிலும் கணினியிலும் பிரெஞ்சு விசைப்பலகையை முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு வாய் திறக்காமல் பாடத்தை முடிப்பது. கணினி சரி என்று பச்சை காட்டுவது நீங்கள் தேர்ந்தெடுத்த விடைக்குத்தான். நீங்கள் பேசியதை அது கேட்கவில்லை. பிரெஞ்சுத் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிற்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறையக் கூடாது. பேச்சுத் தேர்வு ஐந்து முதல் ஏழு நிமிடம். கனடாவுக்குக் குடியேற நினைப்பவர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற விண்ணப்ப முறையில் டெல்ஃபும் செல்லாது, பாடச் சான்றிதழும் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற தேர்வை எழுத வேண்டும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பேச ஆளில்லை என்பவர்கள் ஒவ்வொரு பாடத்தின் உரையாடலிலும் ஒரு பாத்திரத்தின் வசனத்தை நிறுத்தி நிறுத்தித் தாங்களே பேசி, போனில் பதிந்து, மூலத்தோடு வைத்துக் கேட்கலாம். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு 1889 முதல் இயங்கும் பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்ஸேஸ் இருக்கிறது. பாரிஸின் லா ஷபெலில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவோ மொன்றியாலில் படிக்கும் மச்சாளோ இருந்தால் வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் பிரெஞ்சில் மட்டும் பேசச் சொல்லிக் கேளுங்கள். புரியாதபோது தமிழில் விளக்கட்டும், ஆங்கிலத்தில் வேண்டாம்.