சூழல்மாற்ற ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கணக்கிடுவது எப்படி?

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் மாணவர் ஒருவர், மட்டக்களப்பு வாவி, கண்டல் காடு, கரையோர அரிப்பு என்று எழுதிவரும் ஓர் ஆய்வாளரின் வெளியீடுகளைத் தொகுத்து, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மடிகணினி, இணைய இணைப்பு, எக்ஸல் தாள் இருந்தால் போதும். எண்ணுவதற்குப் பத்து நிமிடம் பிடிக்கும். மற்ற நேரமெல்லாம் பெயரைச் சரிபார்ப்பதில்தான் போகும்.

படி 1: பெயர் வடிவங்களை எழுதுங்கள்

நம்மவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சஞ்சிகைகளோ கடைசியில் நிற்கும் சொல்லையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டுரையில் தகப்பனார் பெயர் கடைசியில் நிற்கும், அடுத்ததில் ஆய்வாளரின் சொந்தப் பெயர் நிற்கும். தரவுத்தளம் அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஆய்வாளர்கள் பலருக்கு மூன்று முதலெழுத்துகள் உண்டு. ஒரு கட்டுரையில் மூன்றும் இருக்கும், இன்னொன்றில் ஒன்றுதான் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது தகரத்துக்கு ஒருவர் ‘டி’ மட்டும் போடுவார், இன்னொருவர் ‘டிஎச்’ போடுவார். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்களின் முந்திய பெயரையும் சேர்க்க வேண்டும். ஆய்வாளரிடமே வெளியீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் வரும் எல்லா வடிவங்களையும் ஒரு நிரலில் எழுதுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்சிட் எண் (16 இலக்கம்) இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

படி 2: பட்டியல் போடுங்கள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரில் ஒவ்வொரு வடிவத்தையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அளவுக்கு மீறி வந்தால் இடப்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். எக்ஸலில் தலைப்பு, ஆண்டு, சஞ்சிகை, டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்), மேற்கோள் எண்ணிக்கை, அவற்றுள் தன்மேற்கோள் (ஆய்வாளர் தம் கட்டுரையைத் தாமே காட்டியது) எத்தனை, பார்த்த திகதி என்று ஏழு நிரல்கள் வேண்டும்.

மாநாட்டுச் சுருக்கமும் பின்னர் வந்த முழுக் கட்டுரையும் ஒரே தலைப்பில் இரு வரிகளாக வரலாம். அவை இரண்டு வெளியீடுகள்தான். ‘சுருக்கம்’ என்று குறித்து வையுங்கள். ஒரே கட்டுரை எழுத்துப்பிழையோடு இரண்டாம் முறை வந்திருந்தால் மட்டும் இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஸ்கொலரில் ஆய்வாளருக்கென உள்ள பக்கம் தானாகக் கட்டுரை சேர்க்கும்படி விடப்பட்டிருந்தால், அதே முதலெழுத்துடைய வேறொருவரின் மருத்துவக் கட்டுரை உள்ளே புகுந்து எண்ணிக்கையை ஊதிவிடும். ஆகவே தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தே ஆக வேண்டும்.

படி 3: எச் சுட்டெண்

ஓர் ஆய்வாளரின் எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றிருக்கின்றன என்பதே எச் சுட்டெண். இதை 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். மேற்கோள் எண்ணிக்கையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் இடுங்கள். மேற்கோள் வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருக்கும் கடைசி வரிசை எண்தான் சுட்டெண். உதாரணத்துக்கு எட்டுக் கட்டுரைகள்: 42, 27, 15, 11, 8, 6, 5, 2. ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், பொருந்துகிறது. ஏழாவதுக்கு 5தான், பொருந்தவில்லை. எனவே சுட்டெண் 6. மொத்த மேற்கோள் 116. பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் பெற்றவை நான்கு. கூகுள் ஸ்கொலர் காட்டும் ஐ10 சுட்டெண் அதுதான்.

ஆறாவது கட்டுரையின் 6இல் 2 அவரே தம்மைக் காட்டியவை என்றால் அது 4 ஆகும். மீண்டும் அடுக்கினால் ஆறாம் இடத்தில் 5 வரும், சுட்டெண்ணும் 5க்கு இறங்கும். இரண்டு மேற்கோளில் ஒரு படி போய்விடுவதால் தன்மேற்கோள் நிரலை விட்டுவிடாதீர்கள். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் தன்மேற்கோளை நீக்கிப் பார்க்க வழி உண்டு. ஸ்கொலரில் கையால்தான் எண்ண வேண்டும்.

படி 4: எண்ணைப் படிப்பது

ஸ்கொலர் ஆய்வேடு, அறிக்கை எல்லாவற்றிலிருந்தும் எண்ணுவதால் அதன் தொகை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஸ்கோபஸ் தெரிவுசெய்த வெளியீடுகளை மட்டும் எடுக்கும். உள்ளூர்ச் சஞ்சிகைகள் பல அதில் இல்லை. இரண்டையும் கூட்டவோ ஒன்றோடொன்று ஒப்பிடவோ கூடாது. எச் சுட்டெண் அநேகமாகக் குறையாது, வயதோடு ஏறும். ஆதலால் இளம் விரிவுரையாளரை மூத்த பேராசிரியரோடு வைத்துப் பார்ப்பது அநியாயம்.

சூழல்மாற்றத் துறையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் உலகளாவிய கட்டுரை ஒன்று, அதில் பங்குபற்றிய ஒவ்வொருவருக்கும் ஆயிரக்கணக்கான மேற்கோள் தந்துவிடும். அவர் எத்தனையாவது ஆசிரியர் என்று எட்டாவது நிரலில் எழுதுங்கள். சஞ்சிகையின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்) ஆய்வாளரின் மதிப்பாகக் காட்டாதீர்கள். அது சஞ்சிகைக்கு உரியது. ஆய்வு மதிப்பீடு பற்றி 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் இதையே வலியுறுத்துகிறது.

ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிபடுவதைப் பற்றி எழுதிய தமிழ் அறிக்கை, பிரதேச செயலகத்தில் கையாளப்பட்டாலும் எந்தத் தரவுத்தளத்திலும் மேற்கோளாக ஏறாது. அத்தகையவற்றுக்குத் தனித் தாள் திறந்து, யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்ற ஆதாரப் பிரதியுடன் இணைத்துக் கொடுங்கள்.